குழல்வாய்மொழி உட்கார்ந்த பந்தி

சாரல் பிடித்த ஒரு ஆனி மாதத்தில் ஆவுடையப்பனுக்கு வாழ்க்கைப்பட்டுச் சாரலூருக்கு வந்த குழல்வாய்மொழி, கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் யாராக இருந்தாலும் தான் சாப்பிடுகிற அளவே சாப்பிட வைக்கிறவள் என்பது வந்த வாரத்திலேயே தெரிந்துபோனது. தெரிந்த பிறகு ஊர் அதைத் தெருவுக்குப் புதிதாக வந்த தண்ணீர்க் குழாயைப் போல எடுத்துக்கொண்டது, அதாவது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்கு முன்னால் யார் குடத்தை முதலில் வைப்பது என்று சண்டை போட்டது.

அவள் வந்த வீட்டில் அதுவரை யாரும் யாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அரிசி ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்ந்த மாமனார் திருமலைக்குமார், டிவிக்கு முன்னால் தட்டை வைத்துக்கொண்டு, செய்தியில் நாலு பேர் சண்டை போட்டு முடிகிற வரைக்கும் சாப்பிடுவார். சண்டை நீண்டால் சோறும் நீளும், விளம்பரம் வந்தால் மோர் ஊற்றிக்கொள்வார். ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எரிந்துபோன மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தான். தூக்குச்சட்டியில் கொண்டுபோனதைச் செம்புக் கம்பிகளுக்கு நடுவே, எப்போது திறந்தோம், எப்போது காலியானது என்று தெரியாமல் சாப்பிட்டு முடிப்பான், சில நாள் திறக்காமலே திருப்பிக் கொண்டுவருவான். மாமியார் உலகம்மாள் எல்லாரும் எழுந்த பிறகு அடுப்படியில் நின்றபடியே சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதை வழித்து வாயில் போட்டுக்கொள்வாள். இன்றைக்குச் சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால் அவளுக்கே நிச்சயமாகச் சொல்லத் தெரியாது.

குழல்வாய்மொழி பிறந்தது பெரியப்பா சித்தப்பா எல்லாரும் ஒரே கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தட்டை ஒருவர் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிற வீடு. அவளுக்கு இந்த வீட்டின் சோறு இரண்டு நாள் தொண்டையிலேயே நின்றது.

"எத்தே, தனியா உக்காந்தா எனக்கு எறங்க மாட்டேங்கு. நாலு பேரும் சேந்து உக்காருவோமே" என்றாள்.

"அப்ப டிவிய யாரு பாக்கது?" என்றார் திருமலைக்குமார்.

"இன்னைக்கி அது நம்மளப் பாக்கட்டும் மாமா."

அன்றைக்கு மதியம் ஆவுடையப்பனையும் கடையிலிருந்து வரவழைத்தார்கள். தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சித் துவையலும். குழல்வாய்மொழி ஒரு கரண்டி சோற்றில் சொதியை ஊற்றிப் பிசைந்து முதல் வாயை எடுத்தாள். நாலு கைகளும் ஒன்றாக உயர்ந்தன. அவள் மென்றபோது மென்றார்கள், துவையலைத் தொட்டபோது தொட்டார்கள், இரண்டாவது கரண்டிக்கு அவள் கை நீண்டபோது எல்லாருக்கும் இரண்டாவது கரண்டி வேண்டியிருந்தது, மோர் ஊற்றிக் குடித்துவிட்டு அவள் போதும் என்று தட்டை நகர்த்தியபோது எல்லாருக்கும் போதும் என்று இருந்தது. யாருக்கும் யாரோ பிடித்துத் தள்ளியது போலத் தோன்றவில்லை. அவரவர் வயிறு அவரவரிடம் சொன்னது போலவே இருந்தது.

"வயிறு லேசாவும் இருக்கு, நெறஞ்சும் இருக்கு" என்று திருமலைக்குமார் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "சண்ட வேற இன்னும் முடியல."

உலகம்மாளுக்குத்தான் பெரிய மாறுதல். கல்யாணமாகி வந்ததிலிருந்து முதல் முறையாகத் தரையில் சம்மணம் போட்டு முழுச் சாப்பாடு சாப்பிட்டவள், தட்டை எடுக்கக்கூட எழாமல் அந்தப் பாயிலேயே சாய்ந்து, சாயங்காலக் காப்பி வரைக்கும் குறட்டை விட்டுத் தூங்கினாள். பகலில் அவள் தூங்கி யாரும் பார்த்ததில்லை ஆகையால் எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் பதறிக்கொண்டு வந்தாள்.

"மைனிக்கு மேலுக்கு முடியலையா?"

"இல்லையே. சாப்பிட்டாவ, தூங்குதாவ" என்றாள் குழல்வாய்மொழி.

"சாப்பிட்டதுக்கா தூங்குதா?" என்று பேச்சியம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டு, அப்படி என்னதான் சாப்பாடு என்று பார்க்க மறுநாள் மதியம் தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற அந்த மகள், இட்லியைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவள், சோற்றை எண்ணி எண்ணித் தின்கிறவள், அன்றைக்குக் குழல்வாய்மொழிக்கு ஈடாக இரண்டு தரம் சோறும் மூன்று தரம் அவியலும் வாங்கிச் சாப்பிட்டாள். பேச்சியம்மாள் தெருவில் போய் அழுதாள், சந்தோஷத்தில்தான். ஆனால் அழுகை அழுகைதானே, தெருவே கூடிவிட்டது.

அதன் பிறகு குழல்வாய்மொழி தன் வீட்டில் சாப்பிட்ட நாட்கள் குறைவு. சாப்பிடாத பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் காலையிலேயே வந்து அவளை அழைத்துப் போனார்கள், அங்கே அவள் நிறையச் சாப்பிட வேண்டியிருந்தது. மெலிய நினைத்தவர்கள் கோயில் குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்து அவளை நடுவில் வைத்து உட்கார்ந்தார்கள், அங்கே அவள் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டியிருந்தது. பத்தியம் இருக்க முடியாமல் சர்க்கரை நோயாளிகள் விட்ட கண்ணீரைப் பார்த்துச் சலித்திருந்த டாக்டர் ரசூல் மைதீன் ஆள் அனுப்பினார். இது ஏன் இப்படி என்று ஊர்க்காரர்கள் அவரிடம் கேட்டதற்கு, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எல்லாரும் பக்கத்துத் தட்டப் பாத்துத்தான்யா சாப்பிடுதோம். கல்யாண வீட்டுல ஒரு அளவு, சாவு வீட்டுல ஒரு அளவு, பொண்ணு பாக்கப் போற வீட்டுல ஒரு அளவு. இந்தப் பிள்ளைகிட்ட அது கொஞ்சம் கூடுதலா இருக்கு, அவ்வளவுதான். இதுக்கு என்கிட்ட மாத்திரை கிடையாது, எனக்கு அந்தப் பிள்ளையே மாத்திரை."

வாரத்தில் ஒரு காலை அவருடைய நோயாளிகள் எல்லாரும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் வரிசையாக உட்கார, குழல்வாய்மொழி எதிரில் உட்கார்ந்து சட்னியில்லாமல் இரண்டு இட்லி சாப்பிட்டாள். அத்தனை பேரும் இரண்டு இட்லியோடு எழுந்து, பல வருஷங்களாக வராத திருப்தியோடு வீட்டுக்குப் போனார்கள்.

அதே நாள் சாயங்காலம் அபிஷேக பவன் முதலாளி பாலாபிஷேகம் கார் அனுப்புவார். பெருத்த உடம்பும் சின்னக் குரலும் உள்ள அவர், ஓட்டலின் நடு மேஜையில் அவளை உட்கார வைத்து, நெய் ரோஸ்ட்டில் ஆரம்பித்து ஊத்தப்பம், பூரி, ரவா தோசை என்று சளைக்காமல் கொண்டுவந்து வைப்பார். "மக்கா, நம்ம கடையில ஒனக்கு எதுக்கும் காசு கிடையாது, வெக்கப்படாமச் சாப்பிடு" என்பார். சுற்றியிருக்கிற மேஜைகளில் காப்பி மட்டும் குடிக்க வந்தவர்கள் பூரி கேட்டார்கள், பஸ்ஸுக்கு நேரமானவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு ரவா தோசைக்குக் காத்திருந்தார்கள். சமையல்கட்டில் தோசைக்கல் ஆறவே இல்லை.

இப்படியே ஒரு வருஷம் போனது. சாரலூரில் தையல்காரர்கள் சிலருடைய சட்டையைப் பிடித்தும் சிலருடைய சட்டையைப் பிரித்தும் தைத்தார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் நாதஸ்வரக்காரர் பெயருக்குக் கீழே 'பந்தியில் குழல்வாய்மொழி அமர்வார்' என்று அச்சடித்தார்கள். அவள் கண்ணுக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் எத்தனை இலை இருந்தாலும் அவள் அளவுதான் என்று ஆனபிறகு, சமையல்காரர்கள் முதல் நாளே வீட்டுக்கு வந்து, "நாளைக்கி எப்படி இருப்பிய?" என்று கேட்டுவிட்டு அரிசியை ஊறவைத்தார்கள். உலகம்மாள் மருமகளின் பெருமையில் ஒரு சுற்றுப் பெருத்தாள்.

குழல்வாய்மொழி யாரிடமும் முகம் சுளிக்கவில்லை. கூப்பிட்ட இடத்துக்குப் போனாள், கொஞ்சம் என்றால் கொஞ்சம், நிறைய என்றால் நிறைய. இரவில் ஆவுடையப்பனோடு உட்காரும்போது மட்டும் அவள் கை சோற்றின் மேல் சற்று நின்று, அடுத்து எந்தப் பக்கம் போவது என்று தெரியாத வழிப்போக்கனைப் போலத் திகைக்கும். கூடவே ஆவுடையப்பன் கையும் நிற்கும். அவன் அதைக் காயில் கட்டிக் கட்டி விரல் மரத்துப்போனதாக நினைத்துக்கொண்டு விரலை உதறிக்கொள்வான்.

இந்த நிலையில்தான் பாலாபிஷேகத்தின் மகள் பூரணிக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா வேலாயுதப்பெருமாள் மரக்கடை வைத்திருப்பவர்; சம்பந்தி வீட்டில் சோறு பற்றாமல் போனதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டலாம் என்பதற்காகவே மகனைப் பெற்றவர் போல இருப்பார். நிச்சயத்தன்றே எல்லார் முன்னாலும் அவர் சொல்லியிருந்தார்: "எங்க ஆளுக பசிக்குச் சாப்பிடுதவுங்க. ஓட்டல்காரவுங்க வீட்டுல அளந்து போட்டுறப் படாது பாத்துக்கிடுங்க."

பாலாபிஷேகத்துக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. எவ்வளவு சமைத்தாலும் போதுமா என்று அவருக்குத் தெரியவில்லை. குழல்வாய்மொழி வயிறு நிறைந்து வந்து கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டால் பந்தியும் கொஞ்சத்தோடு எழுந்துவிடும் என்பது மட்டும் தெரிந்தது. ஆகவே முகூர்த்த நாள் விடிந்ததும் அவருடைய சம்சாரம் பெரிய தூக்குவாளியோடு வந்து இறங்கினாள். உளுந்தங்களி, கருப்பட்டி, நல்லெண்ணெய், பின்னால் இட்லி, அதன் பின்னால் பொங்கல்.

"சாப்பிடு மக்கா, கல்யாண வீட்டுல பந்தி போட நேரமாவும், பசி தாங்க மாட்ட."

குழல்வாய்மொழி மூச்சு முட்டச் சாப்பிட்டுக் கை கழுவுகிறாள், வாசலில் மாப்பிள்ளை வீட்டுக் கார் ஹாரன் அடித்தது. வேலாயுதப்பெருமாளின் தங்கை வெற்றிலை வாயோடு இறங்கி, "மலைக்கோயில்ல எங்களுக்கு ஒரு வேண்டுதல் இருக்கு. சுமங்கலி ஒருத்தி கூட ஏறணும், நீதான் வரணும்" என்று கையைப் பிடித்தாள். வேண்டுதல் எல்லாம் கிடையாது, களி கரைந்து அவள் பசியோடு பந்திக்கு வர வேண்டும், பெண் வீட்டுச் சோறு பற்றாமல் போக வேண்டும், அவ்வளவுதான். அத்தனை படிகளையும் பட்டுச்சேலையோடு ஏறி இறங்க வைத்தார்கள். உச்சியில் ஒரு டம்ளர் இஞ்சிச் சாறு கொடுத்தார்கள். அடிவாரத்தில் பெண் வீட்டுக்காரர் ஒருவர் காத்திருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை நீட்டினார். மண்டப வாசலில் மாப்பிள்ளை வீட்டார் சீரகத் தண்ணீரோடும், உள்ளே பெண் வீட்டார் பாலோடும் நின்றார்கள். எல்லாவற்றையும் அவள் வாங்கித் தின்றாள், குடித்தாள். மறுத்தால் கல்யாண வீட்டில் மனம் கோணும் என்று நினைத்தாள்.

தாலி கட்டி முடிந்தது. பந்தி விரித்தார்கள். மண்டபத்தின் நீளத்துக்கு இலைகள், நடுவே எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அவளுக்கு ஒரு இலை. பக்கத்தில் ஆவுடையப்பன். ஒரு பக்கம் பாலாபிஷேகம் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, மறுபக்கம் வேலாயுதப்பெருமாள் மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். உப்பு வைத்தார்கள், பச்சடி, அவியல், மாங்காய்த் தொக்கு, அப்பளம், சோறு, பருப்பு, நெய். ஊரே அவள் வலது கையைப் பார்த்தது.

அவள் கையை இலைமேல் வைத்தாள். வைத்தபின் வயிற்றிடம் கேட்டாள், பசிக்கிறதா என்று. வயிறு ஒன்றும் சொல்லவில்லை. நிறைந்திருக்கிறாயா என்று கேட்டாள். அதற்கும் பதில் இல்லை. ஆள் இல்லாத வீட்டில் கதவைத் தட்டுவது போல இருந்தது. போன வருஷம் முழுக்க அங்கே எத்தனையோ பேருடைய பசி வந்து தங்கிப் போயிருந்தது, அவளுடையது மட்டும் எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை.

அவள் கை நின்றது. மண்டபம் முழுக்கக் கைகள் நின்றன. பருப்பில் நெய் உறைய ஆரம்பித்தது. அப்பளங்கள் சாரல் காற்றில் நமுத்துப்போயின. நாதஸ்வரக்காரர்கள்கூட, இனி சாப்பாடுதான் என்று வாத்தியத்தை உறையில் போட்டவர்கள், அங்கங்கே கையை நீட்டியபடி சிலையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"மக்கா, கொஞ்சமாத் தொட்டுக்க" என்றார் பாலாபிஷேகம், குரல் இன்னும் சின்னதாகி.

"என்னது கொஞ்சமா? நல்லா அள்ளிச் சாப்பிடச் சொல்லும்யா!" என்றார் வேலாயுதப்பெருமாள்.

"எம்மா, சாம்பார் வேணுமா?"

"ரசம் சொல்லட்டா?"

"பாயசத்துல ஆரம்பிக்கச் சொல்லு, இனிப்பு எறங்கும்!"

மண்டபத்தில் இருந்த அத்தனை வாய்களும் சாப்பிட முடியாததால் பேச ஆரம்பித்தன. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. குழல்வாய்மொழி யாரையும் பார்க்காமல் எழுந்தாள். இலையை மடிக்கவில்லை. இரண்டு சம்பந்திகளுக்கும் நடுவே நடந்து, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, சாரலில் இறங்கிப் போனாள். திருமலைக்குமார் மருமகளைக் கூப்பிட வாயைத் திறந்தார், உலகம்மாள் அவர் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்து, "போட்டும். நீங்க சும்மா இருங்க" என்றாள்.

ஆவுடையப்பன் மட்டும் எழுந்து பின்னால் ஓடினான். அவன் பைக்கை எடுப்பதற்குள் அவள் பஸ் ஏறியிருந்தாள்.

மண்டபத்தில் நடந்தது பிறகு பல வாரம் பேசப்பட்டது. சாப்பிடாத கல்யாணம் என்ற பெயர் இனி ஏழு தலைமுறைக்கும் போகாது என்று பாலாபிஷேகம் தலையில் கை வைத்துத் தூணடியில் உட்கார்ந்துவிட்டார். வேலாயுதப்பெருமாளோ, சோறு பற்றவில்லை என்று சொல்லிக் காட்ட வந்தவர், சோறு மலையாகக் கிடக்க அதைச் சொல்ல வழியில்லாமல் நின்றார். மண்டபத்தில் அவ்வளவு பேரும் ஒரு வருஷமாகப் பக்கத்தில் ஒரு கையைப் பார்த்தே சாப்பிட்டுப் பழகியவர்கள். தம் வயிற்றை எங்கே பிடித்துப் பார்ப்பது என்று மறந்துபோயிருந்தார்கள். ஒருவரை ஒருவர் திருடர்களைப் போலப் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது மேடையிலிருந்து கல்யாணப் பெண் பூரணி இறங்கி வந்தாள். முந்தின ராத்திரியிலிருந்து விரதம், விடிந்ததிலிருந்து ஓமப் புகை, மாலைகளின் பாரம். ஓட்டல்காரர் மகளாகப் பிறந்தும் அன்றைக்கு அவளுக்கு ஒரு வாய்க் காப்பியைக்கூட யாரும் நினைத்துக் கொடுக்கவில்லை. குழல்வாய்மொழி விட்டுப்போன இடத்தில் மாலையோடு உட்கார்ந்து, முழங்கை வரைக்கும் இருந்த வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, பருப்பு சோற்றைப் பிசைந்து பெரிய உருண்டையாக வாயில் வைத்தாள்.

"அப்பா" என்றாள், கன்னம் உப்ப. "தொக்கு."

அவளைப் பார்த்து மாப்பிள்ளைக்குப் பசித்தது. மாப்பிள்ளையைப் பார்த்து அவன் தோழர்களுக்கு. ஆனால் இந்த முறை கைகள் ஒன்றாக உயரவில்லை. ஒரு மூலையில் ஒருவர் பாயசத்தை மட்டும் மூன்று தரம் வாங்கிக் குடிக்க, இன்னொரு மூலையில் ஒருவர் மோரோடு எழுந்தார், டாக்டர் ரசூல் மைதீனின் நோயாளி ஒருவர் டாக்டர் கண்ணெதிரிலேயே போளிக்குக் கை நீட்டினார், டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் இலையில் போளியைப் போடச் சொன்னார். சாரலூரில் வெகு நாளைக்குப் பிறகு பரிமாறுகிறவர்கள் ஓட வேண்டியிருந்தது. "இங்க சாம்பார்!", "போதும் போதும்!", "கேட்டு எவ்வளவு நேரமாச்சு!" என்று மண்டபம் கூச்சலில் நிரம்பியது. கடைசிப் பந்தியில் சோறு பற்றாமல் போனது. வேலாயுதப்பெருமாள் அதைச் சொல்லிக் காட்ட எழுந்தார், ஆனால் மூன்றாம் தரம் சோறு வாங்கியிருந்ததால் எழ முடியாமல் மறுபடி உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் பஸ் போன ரோட்டில், எல்லா நிறுத்தத்திலும் பைக்கை நிறுத்தி விசாரித்துக்கொண்டே போனான். மலையடிவாரத்தில் ரோடு வளைகிற இடத்தில், ஓலைச் சார்ப்பு இறக்கிய ஒரு தோசைக்கடை. வெளியே கிடந்த பெஞ்சில், ஈரப் பட்டுச்சேலையோடு, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழல்வாய்மொழி உட்கார்ந்திருந்தாள். எதிரே மரங்கள்தான் இருந்தன. கடைக்காரர் அவளிடம் என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டு அலுத்து, உள்ளே ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

அவன் பக்கத்தில் போய் நின்றான். என்ன பேசுவது என்று யோசித்தான். எரிந்துபோன மோட்டார் என்றால் பிரித்துப் பார்க்கலாம்.

"என்னயக் கூப்பிட வந்தியளா?" என்றாள் அவள், திரும்பாமல்.

"தெரியல. வந்துட்டேன்."

"அங்க எல்லாரும் சாப்பிடாம இருப்பாவ."

"இருக்கட்டும், ஒரு நேரந்தான."

அவள் அழுதிருந்தாள் என்பது அவள் மூக்கை உறிஞ்சியபோது தெரிந்தது. "எனக்குப் பசிக்குதா இல்லையான்னே தெரியலங்க. காலையில இருந்து தின்னுக்கிட்டு இருக்கேன், நடந்துக்கிட்டு இருக்கேன். எனக்கு எவ்வளவு வேணும்னு எனக்கே தெரியல. யாரையாவது கேக்கலாம்னா, எல்லாரும் என்னயவே பாத்துக்கிட்டு இருக்காவ."

ஆவுடையப்பன் தன் விரல்களைப் பார்த்தான். இரவுகளில் சோற்றின் மேல் நின்ற கை அவனுடையதல்ல, அவளுடையது என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் ஒரு தரம்கூடக் கேட்கவில்லையே என்று நினைத்தான். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பெஞ்சின் மறு நுனியில், அவளுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான்.

"நான் பாக்கல" என்றான். "பசி வந்தா சாப்பிடு. வரலைன்னா இப்பிடியே உக்காந்திருப்போம்."

"மழ பெலக்குது."

"பெலக்கட்டும்."

லாரிகள் மலையிலிருந்து இறங்கிப் போயின. கடைக்காரர் ரேடியோவில் ஒன்றும் பிடிபடாமல் அதை அணைத்துவிட்டு அடுப்பை ஊதினார். களி கரைந்தது, வாழைப்பழம் கரைந்தது, பாலும் சீரகத் தண்ணீரும் தம் வழியில் போயின, பிறகும் நேரம் இருந்தது. குழல்வாய்மொழிக்கு முதலில் காரணமில்லாமல் கோபம் வந்தது, மாமியார் மேல், டாக்டர் மேல், நெய் ரோஸ்ட்டின் மேல், முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவன் மேல். கோபம் அடங்கியபோது அதற்கு அடியில் ஒன்று மெல்லப் பிறாண்டியது. பழைய சிநேகிதியின் குரலை ஜனக் கூட்டத்தில் கேட்டதுபோல அவள் தலையைச் சாய்த்துக் கவனித்தாள். மறுபடி பிறாண்டியது.

"அண்ணாச்சி" என்று கடைக்காரரைக் கூப்பிட்டாள். "ரெண்டு தோச. மிளகாப்பொடி இருக்கா?"

தோசை வந்தது. விளிம்பு முறுகி, நடுவில் பஞ்சாக இருந்தது. அவள் மரங்களைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். இரண்டு முடிந்து இன்னொன்று கேட்டாள், அதில் பாதியில் போதும் என்று பட்டது, பட்டதும் நிறுத்தினாள். மீதிப் பாதியை இலையில் வைத்துக்கொண்டு, கல்லில் மோதிய தண்ணீர் தெளிவதைப் போல, தன் வயிறு தெளிவாகப் போதும் என்று சொல்வதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஆவுடையப்பனும் தோசை வாங்கிச் சாப்பிடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஆச்சா?" என்றான் அவன், திரும்பாமல்.

"ஆச்சு."

பிறகு அவன், அவனுக்கே ஆச்சரியமாக இருந்த குரலில் சொன்னான்:

"எனக்கு இன்னும் பசிக்குது."

குழல்வாய்மொழி திரும்பினாள். கல்யாணமான நாள் முதல் அவள் எழுந்த பிறகு அவள் பக்கத்தில் யாரும் பசித்திருந்ததில்லை. அவன் காலி இலையைக் கையில் ஏந்திக்கொண்டு, தப்பு செய்துவிட்டோமோ என்று முழித்துக்கொண்டிருந்தான்.

"நெசமாவா?" என்றாள்.

"நெசமாத்தான். கல்யாணச் சாப்பாடுன்னு காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பெஞ்சு ஆடுகிற அளவுக்குச் சிரித்தாள், கண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள், கடைக்காரர் கரண்டியோடு வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். பிறகு அவள் பெஞ்சில் காலைத் தூக்கி மடித்து அவன் பக்கமாக உட்கார்ந்து, "அண்ணாச்சி, இவுகளுக்கு நல்லா முறுகலா ரெண்டு" என்றாள்.

ஆவுடையப்பன் சாப்பிட்டான். செம்புக் கம்பிகள் நடுவில் இல்லாமல், யார் கையையும் பார்க்காமல், தோசையை மட்டும் பார்த்துச் சாப்பிட்டான். மிளகாய்ப்பொடிக்கு நடுவில் குழி செய்து எண்ணெய் ஊற்றினான், முறுகலை ஒடித்து அதில் தோய்த்தான், காரத்தில் உஸ்ஸென்று காற்றை இழுத்தான், மறுபடி தோய்த்தான். குழல்வாய்மொழி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு வயிறு நிறைந்துதான் இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அவன் அடுத்த விள்ளலை ஒடித்த சத்தத்தில் அவள் நாக்கில் தண்ணீர் ஊறியது, கை தன்னால் நீண்டது, அவன் இலையிலிருந்து ஒரு முறுகலைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"போதும்னியே?" என்றான் அவன்.

"நீங்க சாப்பிடுததப் பாத்தா எனக்கும் வேணும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டு, இன்னொரு விள்ளலையும் எடுத்துக்கொண்டாள்.